வாயால் கேட்டால் பதில் வருது, பேப்பரில் மார்க் வரலை... கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கு மொபைல் செயலிகள் எவ்வளவு உதவும்?

பாடத்தை யாராவது வாசித்துக் காட்டினால் போதும், கேள்விக்கு டக்குன்னு பதில் சொல்லுவான். அதே பாடத்தை அவனே வாசிக்கணும்னா ஒரு வரிக்கு ரெண்டு நிமிஷம். எழுதச் சொன்னால் பாதிப் பேப்பர் காலி. "சோம்பேறி", "கவனம் இல்லை", "டிவி பார்க்க மட்டும் மூளை வேலை செய்யும்" என்று வீட்டிலும் பள்ளியிலும் பட்டம் கட்டிவிடுகிறார்கள். இப்படி ஒரு பையனோ பொண்ணோ ஏறக்குறைய எல்லா வகுப்பறையிலும் இருக்கிறார்கள்.

இது சோம்பேறித்தனமாக இல்லாமல், டிஸ்லெக்சியா போன்ற ஒரு கற்றல் குறைபாடாக இருக்கலாம். அப்படி இருந்தால், இன்று உங்கள் கையில் இருக்கும் சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே அந்தக் குழந்தைக்கு உதவக்கூடிய வசதிகள் சில இருக்கின்றன. பெரும்பாலானவை இலவசம். ஆனால் எது உதவும், எது உதவாது, தேர்வு அறையில் எது செல்லும் என்பதில் நிறைய குழப்பம் இருக்கிறது.

கற்றல் குறைபாடு என்றால் என்ன?

வாசிப்பதில் சிக்கல் என்றால் டிஸ்லெக்சியா. எழுதுவதில் சிக்கல் என்றால் டிஸ்கிராஃபியா. கணக்கில், எண்களைப் புரிந்துகொள்வதில் சிக்கல் என்றால் டிஸ்கால்குலியா. ஒரே குழந்தைக்கு இவற்றில் இரண்டு சேர்ந்தும் வரலாம். இதற்கும் புத்திசாலித்தனத்துக்கும் சம்பந்தம் இல்லை. கண் பார்வைக்கும் சம்பந்தம் இல்லை. எழுத்தையும் அதன் ஒலியையும் மூளை இணைக்கும் விதத்தில் இருக்கும் வித்தியாசம்தான் பெரும்பாலும் இதன் அடிப்படை.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு, பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு வகை கற்றல் குறைபாடு இருப்பதாகச் சொல்கிறது. 40 பேர் இருக்கும் வகுப்பில் குறைந்தபட்சக் கணக்கே 2 பேர்.

இந்தியாவில் பலருக்கு இந்தச் சொல் அறிமுகமானது 2007-ல் வந்த ஆமிர் கானின் 'தாரே ஜமீன் பர்' படத்தால்தான். சட்டம் வர அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆனது. 1995-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, கற்றல் குறைபாடு அந்தப் பட்டியலில் இல்லை. 2016-ம் ஆண்டு சட்டம் அதை 21 ஆக உயர்த்தியபோதுதான் டிஸ்லெக்சியாவும் அதன் கூட்டாளிகளும் உள்ளே வந்தன.

தமிழ் வாசிப்பதில் என்ன தனிச் சிக்கல்?

இணையத்தில் டிஸ்லெக்சியா என்று தேடினால் 'பி', 'டி' எழுத்துகளைக் குழந்தை மாற்றி எழுதுவது பற்றித்தான் வரும். அது ஆங்கிலக் கதை. தமிழின் சிக்கல் வேறு மாதிரி.

'கெ', 'கே', 'கை' மூன்றையும் பாருங்கள். காதில் முதலில் கேட்பது 'க்' ஒலி. ஆனால் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. அதாவது பின்னால் வரும் உயிரொலி, எழுத்தில் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'கொ', 'கோ' வந்தால் உயிரொலியே ரெண்டாகப் பிரிந்து, முன்னால் பாதி பின்னால் பாதி என்று நிற்கும். 'கௌ' என்று எழுதினால் பின்னால் இருப்பது 'ள' மாதிரியே இருக்கும். பழகிய நமக்கு இது உறைப்பதே இல்லை. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள இணைப்பிலேயே திணறும் குழந்தைக்கு ஒவ்வொரு கொம்பும் ஒரு தடுப்புச் சுவர்.

அடுத்தது, ஒரே எழுத்துக்குப் பல ஒலி. 'கடல்', 'சங்கு', 'அகம்' மூன்றிலும் ஒரே 'க'தான், ஒலி மூன்று விதம். 'பல்'லில் இருப்பதும் 'பஸ்'ஸில் இருப்பதும் ஒரே 'ப'. இதற்கு நேர் எதிராக, பேச்சில் ஒரே மாதிரி கேட்கும் 'ன, ண, ந', 'ர, ற', 'ல, ள' எல்லாம் எழுத்தில் தனித்தனி. ஆக, காதை நம்பி எழுதவும் முடியாது.

போதாக்குறைக்குச் சொற்களின் நீளம். 'போய்க்கொண்டிருந்தபோதிலும்' என்பது ஒரே சொல். நான்கைந்து எழுத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கும் குழந்தை இதன் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடும். வீட்டில் "போயிட்டிருந்தாலும்" என்று பேசுகிற குழந்தைக்கு இது கேட்ட சொல்லாகவும் இருக்காது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், டிஸ்லெக்சியாவுக்கான செயலிகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துமுறையை மனதில் வைத்து உருவானவை. அவற்றைத் தமிழ்ப் பாடத்துக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. ஆங்கில மீடியம் மாணவருக்கு உதவும் செயலி, தமிழ் மீடியம் மாணவருக்குப் பாதிதான் உதவும்.

போனிலேயே இருக்கும் வசதிகள் என்னென்ன?

முதல் இடம் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதிக்குத்தான். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், பிறகு ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் 'செலக்ட் டு ஸ்பீக்'. இதை ஆன் செய்துவிட்டால் திரையில் இருக்கும் பகுதியைத் தொட்டதும் போன் வாசிக்கத் தொடங்கும். தமிழ்க் குரல் வேண்டுமென்றால் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்து ஒருமுறை டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும். வேகத்தையும் அங்கேயே குறைக்கலாம். இதைக் கட்டாயம் செய்யுங்கள். சாதாரண வேகத்தில் அந்தக் குரல் ரயில் மாதிரி ஓடும். ஐபோனிலும் ஆக்சஸிபிலிட்டிக்குள் 'ஸ்பீக் ஸ்க்ரீன்' இருக்கிறது. ஆன் செய்த பிறகு இரண்டு விரலால் மேலிருந்து கீழே இழுத்தால் வாசிக்கும்.

பாடம் போனில் இல்லை, அச்சுப் புத்தகத்தில் இருக்கிறது என்றால்? கூகுள் லென்ஸைத் திறந்து பக்கத்தைப் படம் பிடித்தால் அதிலுள்ள எழுத்தைப் பிரித்தெடுக்கும். தமிழும் அதற்குத் தெரியும். எடுத்த எழுத்தை வாசிக்க வைக்கலாம்.

இங்கே ஒரு இடறல் உண்டு. "பாடப் புத்தகத்தை பிடிஎஃப் ஆக டவுன்லோடு பண்ணி வாசிக்க வைக்கிறேன், புரியாத பாஷையில் ஏதோ உளறுது" என்று பலர் சொல்வதைக் கேட்கலாம். போன் பழுது இல்லை. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு பழைய எழுத்துருக்களில் அச்சுக்குத் தயாரான தமிழ்க் கோப்புகள் ஏராளம். அவற்றில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது வேறு குறிகள். குரல் செயலி உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடுக்கு மாற உத்தரவு போட்டும் இந்தத் தொல்லை முழுசாகத் தீரவில்லை. தற்காலிக வழி, அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து லென்ஸ் வழியாக வாசிக்க வைப்பதுதான். பார்வையற்ற மாணவர்கள் வருஷக்கணக்காக அனுபவிக்கும் அதே அவஸ்தை இது.

அடுத்தது பேச்சை எழுத்தாக்கும் வசதி. ஜிபோர்டு கீபோர்டில் மைக்கை அழுத்திவிட்டுத் தமிழில் பேசினால் எழுத்து வரும். கையெழுத்தே தண்டனையாக இருக்கும் டிஸ்கிராஃபியா குழந்தைக்கு இது பெரிய விடுதலை. மனசில் இருக்கும் கட்டுரை முதல்முறையாக வெளியே வரும். ஆனால் 'போயிட்டேன்' என்று பேசினால் 'போயிட்டேன்' என்றுதான் வரும். தேர்வுத்தாளுக்கு 'போய்விட்டேன்' வேண்டும். அந்த மாற்றத்தைக் குழந்தையோடு உட்கார்ந்து யாராவது சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். 'வாழை'யா 'வாளை'யா என்பதை முழு வாக்கியமாகப் பேசினால் பெரும்பாலும் சரியாகப் பிடித்துவிடுகிறது. தனிச் சொல்லாகச் சொன்னால் தடுமாறும்.

மைக்ரோசாஃப்டின் 'இமர்சிவ் ரீடர்' கொஞ்சம் வேறு ரகம். வேர்டு, எட்ஜ் போன்றவற்றில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு வரியை மட்டும் வெளிச்சமாக்கி மற்றதை மறைக்கும், எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும், பின்னணி நிறத்தை மாற்றும், வாசிக்கும்போதே அந்தச் சொல்லை அடையாளம் காட்டும். ஒரு பக்கம் முழுக்க எழுத்தைப் பார்த்ததும் மிரளும் குழந்தைக்கு, ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் தெரிவதே தைரியம்.

சென்னையிலேயே உருவான ஒன்றும் உண்டு. 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்தத் துறையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும், பேச முடியாத குழந்தைகளுக்கான 'ஆவாஸ்' செயலியை உருவாக்கிய நிறுவனமும் சேர்ந்து 'எம்டிஏ ஆவாஸ் ரீடர்' என்ற செயலியைக் கொண்டுவந்தன. பக்கத்தைப் படம் பிடித்தால் வரி வரியாகக் காட்டும். தடுமாறும் சொல்லைத் தொட்டால் உடனே வாசித்துக் காட்டிவிடாமல், அசை பிரித்தோ படம் காட்டியோ குறிப்பு கொடுக்கும். குழந்தையே வாசிக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இது ஆங்கில வாசிப்புக்கானது.

குழந்தை சத்தமாக வாசிக்க, செயலி கேட்டுத் திருத்துவது இன்னொரு வகை. கூகுள் 2019-ல் இந்தியாவில் 'போலோ' என்ற பெயரில் தொடங்கி, அடுத்த ஆண்டு 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றிய செயலி இப்படிப்பட்டது, அதில் தமிழும் உண்டு. எல்லோர் முன்பும் வாசித்துச் சிரிப்புக்கு ஆளான குழந்தைக்கு, சிரிக்காத ஒரு ஆள் எதிரில் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

வாசித்துக் காட்டினால் குழந்தை வாசிக்கவே கத்துக்காதே?

பெற்றோர், ஆசிரியர் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட.

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாசிக்கக் கற்றுக்கொள்வது ஒன்று. பாடத்தைப் புரிந்துகொள்வது இன்னொன்று. ஏழாம் வகுப்புக் குழந்தை இரண்டாம் வகுப்பு அளவில்தான் வாசிக்கிறது என்பதற்காக அதன் அறிவியலையும் வரலாறையும் இரண்டாம் வகுப்பிலேயே நிறுத்தி வைக்க முடியுமா? அந்த இடத்தில்தான் கேட்கும் செயலி வேலை செய்கிறது. இப்படி வாசித்துக் காட்டும் கருவிகள் பற்றிய 22 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2018-ல் 'ஜர்னல் ஆஃப் லேர்னிங் டிஸெபிலிட்டீஸ்' இதழில் வெளியான கட்டுரை, வாசிப்புச் சிக்கல் உள்ள மாணவர்களின் பாடப் புரிதல் இவற்றால் ஓரளவு மேம்படுகிறது என்று கண்டது. கவனிக்க: ஓரளவு. அதிசயம் எதுவும் நடப்பதில்லை.

ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கும் திறனை அந்தச் செயலி கற்றுத்தராது. அதற்கு ஒலி, எழுத்து, அசை என்று படிப்படியாக, திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கும் ஆள் வேண்டும். 'போய்க்/கொண்/டிருந்த/போதிலும்' என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுக்கும் டீச்சரின் வேலையைத் தமிழில் செய்ய நல்ல செயலி அரிது. எனவே சிறப்பாசிரியருடன் தினமும் கொஞ்ச நேரம் வாசிப்புப் பயிற்சி, மற்ற பாடங்களுக்குச் செயலி. இரண்டும் சேர்ந்து நடக்கணும். செயலி வந்துவிட்டது என்று பயிற்சியை நிறுத்துவதுதான் ஆபத்து.

எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்?

'டிஸ்லெக்சியா எழுத்துரு' என்று சில பிரபலம். எழுத்தின் அடிப்பகுதியைக் கனமாக்கியிருப்பார்கள். 'ஓபன் டிஸ்லெக்சிக்' இதில் ஒன்று. இலவசம்தான், பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாசிப்பு வேகம் கூடுகிறது என்பதைச் சோதனைகள் உறுதி செய்யவில்லை. தமிழ் எழுத்துக்கு அது கிடையவும் கிடையாது. எழுத்தைப் பெரிதாக்குவதும், இடைவெளி விடுவதும் எந்த எழுத்துருவிலும் செய்யலாம்.

கலர் கண்ணாடி, கண் பயிற்சி என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் உஷாராகுங்கள். டிஸ்லெக்சியாவுக்கு இவை பலன் தரும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-லேயே கூட்டறிக்கை வெளியிட்டுவிட்டன.

மூளைக்குப் பயிற்சி கொடுக்கும் கேம் செயலிகளும் அப்படித்தான். 'லுமோசிட்டி' செயலி, பள்ளியிலும் வேலையிலும் திறமை கூடும் என்றெல்லாம் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழக்குப் போட, 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அந்த கேமில் மார்க் கூடும், தமிழ்ப் பேப்பரில் கூடாது.

போனைக் கொடுத்தால் பாடம் கேட்பதற்குப் பதில் ரீல்ஸ் பார்ப்பான் என்ற பயமும் பொய் இல்லை. ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்', ஐபோனில் 'கைடட் ஆக்சஸ்' ஆன் செய்தால் ஒரே செயலியை விட்டு வெளியே போக முடியாது. வெளியே வர பாஸ்வேர்டு வேண்டும். அந்தப் பாஸ்வேர்டைக் குழந்தை கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும் என்பது வேறு விஷயம்.

தேர்வு அறையில் போன் கிடையாதே, அப்புறம்?

இதுதான் நிஜமான சிக்கல். வருஷம் முழுக்கக் கேட்டுப் படித்த குழந்தை, தேர்வு அன்று வெறும் கேள்வித்தாளோடு தனியாக உட்கார வைக்கப்பட்டால் பழைய கதைதான்.

சட்டம் இங்கே குழந்தையின் பக்கம்தான் இருக்கிறது. 2016-ம் ஆண்டு சட்டத்தின் 16-வது பிரிவு, கற்றல் குறைபாட்டை முடிந்தவரை சீக்கிரம் கண்டறிந்து தகுந்த கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும் என்று பள்ளிகளுக்குச் சொல்கிறது. 17-வது பிரிவு கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு எனச் சான்று பெற்ற மாணவர்களுக்கு 18 வயது வரை உதவிக் கருவிகளை இலவசமாகத் தர வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. இந்தக் கடைசி வரியைத் தெரிந்து வைத்திருக்கும் பெற்றோர் குறைவு. கேட்பவர்கள் அதைவிடக் குறைவு.

தமிழ்நாடு பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா மாணவர்களுக்குக் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. சிபிஎஸ்இ ஒரு படி மேலே போய் 2018 முதல் கணினியையே அனுமதிக்கிறது. மருத்துவர் அல்லது உளவியல் நிபுணர் பரிந்துரைக்க வேண்டும். மாணவர் தன் லேப்டாப்பைச் சுத்தமாக ஃபார்மட் செய்து கொண்டுவர, பள்ளியின் கணினி ஆசிரியர் சோதிப்பார். இணைய இணைப்பு கூடாது. அதில் பதிலை டைப் செய்யலாம், கேள்வியைப் பெரிய எழுத்தில் பார்க்கலாம், வாசிக்க வைத்துக் கேட்கலாம்.

எனவே வீட்டுப் பழக்கத்தைத் தேர்வு விதியோடு பொருத்திக்கொள்வது புத்திசாலித்தனம். சொல்வதை எழுதுபவர்தான் வரப் போகிறார் என்றால், பதிலை முழு வாக்கியமாக, நிறுத்தி நிதானமாக வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி இப்போதே வேண்டும். மைக்கில் பேசி எழுத வைப்பது இதற்கு நல்ல ஒத்திகை. லேப்டாப் என்றால் இணையம் இல்லாமல் இயங்கும் குரலில் பழக வேண்டும்.

படிக்கும் புத்தகங்களைப் பொறுத்தவரை இன்னொரு உரிமையும் இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, அச்சை வாசிக்க முடியாதவர்களுக்காகப் புத்தகத்தை ஒலி வடிவமாகவோ மின் வடிவமாகவோ மாற்றலாம். இதே நோக்கத்துக்கான மராகேஷ் ஒப்பந்தத்துக்கு 2014-ல் உலகிலேயே முதலில் ஒப்புதல் கொடுத்த நாடு இந்தியா. 2016-ல் தொடங்கப்பட்ட 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் அதன் தொடர்ச்சி. பார்வையற்றவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்லெக்சியா உள்ளவர்களும் உறுப்பினராகலாம்.

எங்கே போய்ச் சோதிப்பது?

சான்றிதழ் இல்லாமல் மேலே சொன்ன சலுகைகள் கிடைக்காது. இணையத்தில் 'உங்கள் குழந்தைக்கு டிஸ்லெக்சியாவா? 10 கேள்விகள்' என்று வரும் எதுவும் சான்றிதழுக்கு உதவாது. என்சிஇஆர்டி 2022-ல் வெளியிட்ட 'பிரஷஸ்த்' செயலியும் ஆசிரியர்கள் முதல்கட்டமாக அடையாளம் காண்பதற்குத்தான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் 'நலம் நாடி' செயலி இருக்கிறது. அதன் வேலையும் சந்தேகத்தைப் பதிவு செய்வது, அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது. குறைபாடு இருக்கிறதா என்று முடிவு சொல்வது நிபுணர்களின் நேரடிப் பரிசோதனைதான்.

அரசுப் பள்ளி என்றால் வகுப்பாசிரியர் மூலம் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகலாம். டி.இ.ஐ.சி எனப்படும் மாவட்ட இடையீட்டு மையங்களிலும் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. கற்றல் குறைபாடும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் இருக்கிறது. தனியார் மையங்களில் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். அங்கே தரும் அறிக்கை அரசுச் சான்றுக்கு ஏற்கப்படுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்து பழகும் வயதில் எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் தடுமாறும் என்பதால் பொதுவாக 8 வயதையொட்டித்தான் உறுதியான முடிவு சொல்வார்கள். சந்தேகம் வந்தால் பயிற்சியைத் தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது ஜனவரியில் மருத்துவமனைக்கு ஓடும் பெற்றோர் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். பரிசோதனை, சான்று, பள்ளி வழியாக விண்ணப்பம், தேர்வுத்துறை அனுமதி என்று இது பல மேசைகளைக் கடந்து வர வேண்டிய கோப்பு. ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே தலைமை ஆசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, கையெழுத்தும் தேதியும் போட்ட நகல் ஒன்றைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.